மூடியையும் புரட்டிப் பாருங்கள்: வெள்ளி டியூரீன் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை ஒரே பொருளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். டியூரீன் என்பது சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்கிற பெரிய சூப் பாத்திரம். இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே குமிழ் வைத்த மூடி, கீழே பீடமோ நான்கு காலோ இருக்கும். லண்டன், பாரிஸ் பக்கம் இருக்கிற நம் வாசகர்கள் பழம்பொருள் சந்தையில் இதைப் பார்த்துச் சொக்கிப்போகிறார்கள் என்று கடிதங்களிலிருந்து தெரிகிறது. சொக்கலாம், தப்பில்லை, பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் தெளிந்துகொண்டால் போதும்.

எங்கள் வீட்டு விருந்தில் எட்டுப் பேர் உட்காருவோம். போர்ட்டபெல்லோ ரோடு சனிக்கிழமைச் சந்தையில் ஒரு வெள்ளி டியூரீன் பார்த்தேன். கடைக்காரர் "ஜார்ஜியன் ஸ்டைல்" என்றார். விலையைக் கேட்டதும் கணவர் நடையைக் கட்டிவிட்டார், எனக்கு ஆசை விடவில்லை. எந்தக் காலத்துப் பாத்திரம் நல்லது, எப்படித் தேர்ந்தெடுப்பது?
வாசகி, ஹாரோ, லண்டன்

ஜார்ஜியன் என்றால் 1714 முதல் 1830 வரை, நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலத்தில் செய்தது. ஜார்ஜியன் ஸ்டைல் என்றால் அந்த மாதிரியைப் பார்த்துப் பிற்பாடு யாரோ செய்தது, போன வருடம் செய்ததாகக்கூட இருக்கலாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கேட்கிறவர்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பொதுவாக நூறு வருடம் தாண்டினால் ஆன்டிக், அதற்கு இந்தப் பக்கம் வின்டேஜ்.

ஆனால் அம்மா, வருடத்தைக் கேட்பதற்கு முன்னால் இதில் நிஜமாகவே சூப் ஊற்றப் போகிறீர்களா, இல்லை கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கப் போகிறீர்களா என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வாங்க வேண்டிய பாத்திரம் வேறு வேறு. ஊற்றப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்கு ஆளுக்கு 250 மில்லி என்றால் 2 லிட்டர் ஆயிற்று. விளிம்பு வரை நிரப்பினால் மேசைவிரிப்பு நாசமாகும், இரண்டாவது முறை கேட்கிறவர்களும் இருப்பார்கள், ஆகவே 3 லிட்டராவது கொள்ள வேண்டும். ஜார்ஜியன் காலத்துப் பெரிய டியூரீன்கள் இதைத் தாராளமாகக் கொள்ளும். சிக்கல் எடையில்தான். அந்தக் காலத்து நல்ல டியூரீன் 100 ட்ராய் அவுன்சுக்கு மேல் இருப்பது சாதாரணம், ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம், ஆக வெறும் பாத்திரமே 3 கிலோ. அதில் 3 லிட்டர் சூப்பையும் ஊற்றினால் சமையலறையிலிருந்து 6 கிலோவைச் சுடச்சுடத் தூக்கிவர வேண்டும். அன்றைக்கு அதைத் தூக்கப் பணியாட்கள் இருந்தார்கள், உங்கள் வீட்டில் யார் தூக்குவது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்!

கடையில் நிற்கும்போது பாத்திரத்தைக் கைப்பிடியால் தூக்கிப் பாருங்கள். விரல்கள் நான்கும் உள்ளே போகின்றனவா? கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? இருநூறு வருடம் தூக்கித் தூக்கி முதலில் இற்றுப்போவது அந்த இடம்தான், வெளியே பளபளப்பாகத் தேய்த்து வைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டும். அப்புறம் கால்கள். நான்கு கால் உள்ளதில் ஏதாவது ஒரு கால் உடலுக்குள் அமுங்கியிருக்கும், பீடம் உள்ளதில் பீடம் மேல்நோக்கி நசுங்கியிருக்கும். சமமான பரப்பில் வைத்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சின்ன ஒடுக்கு பரவாயில்லை, நல்ல வெள்ளி ஆசாரி எடுத்துவிடுவார். கிழிசல் வேண்டாம்.

சூப் டியூரீன் என்று சொல்லி வேறு பாத்திரத்தைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அரை லிட்டர் அளவில் ஜோடியாக வருவது சாஸ் டியூரீன், குழம்புக்கு ஆகும், சூப்புக்கு ஆகாது. தட்டையாக, செவ்வகமாக, மூடியின் கைப்பிடியைத் திருகிக் கழற்றினால் மூடியே இன்னொரு பாத்திரமாகிற வகை ஒன்று உண்டு. அது காய்கறி, இறைச்சி பரிமாறுகிற ஆந்த்ரே டிஷ். அழகான சாமான்தான், ஆனால் சூப்பை ஊற்றிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் பாதி தரையில்.

காலம் பற்றிக் கேட்டீர்கள். 1730 முதல் 1760கள் வரை ரோகோகோ காலம், வயிறு பிதுங்கிய உடல், சுருள் கால், சங்கு, இலை, காய்கறி என்று எங்கும் வேலைப்பாடு. விலை எட்டாது, துடைக்கவும் மாளாது. 1770க்குப் பிறகு கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் காட்டிய வழியில் எல்லாம் மெலிந்தது: படகு வடிவம், ஒற்றைப் பீடம், மேல்நோக்கி வளைந்த வளையக் கைப்பிடி, விளிம்பில் மணி கோத்த மாதிரி ஒரு வரி, அவ்வளவுதான். 1800க்குப் பிறகு ரீஜென்சி காலத்தில் மறுபடி கனம் ஏறியது, சிங்கமுகம், சிங்கப்பாதம், வார்த்து எடுத்த தடித்த கைப்பிடிகள். என்னைக் கேட்டால் எட்டுப் பேர் மேசைக்கு அந்தப் படகு வடிவம்தான் சரி. கைப்பிடி உயரத்தில் இருப்பதால் விரல் சூடான உடலில் படாது, அடி குறுகி வருவதால் கடைசிச் சூப்பையும் கரண்டியால் அள்ள முடியும். இன்னொன்றும் சொல்கிறேன், சேகரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இதே ஆடம் மாதிரியை 1900க்கும் 1930களுக்கும் இடையில் லண்டன், பர்மிங்ஹாம், ஷெஃபீல்டில் நிறையச் செய்திருக்கிறார்கள். நல்ல கனமான தகடு, ஒழுங்கான முத்திரை, பழசை விட விலை குறைவு, உடைந்து ஒட்டிய சரித்திரமும் அனேகமாக இருக்காது. வாரம் ஒருமுறை மேசைக்கு வரப்போகிற பாத்திரம் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அடியில் குட்டிக் குட்டியாகச் சிங்கம், எழுத்து எல்லாம் அடித்திருக்கிறது. அதைப் பார்த்தே வாங்கிவிடலாமா? கடைக்காரர் 1770 என்கிறார்.
வாசகர், ஈஸ்ட் ஹாம்

பார்க்கலாம், ஆனால் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள்.

நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. இங்கிலாந்தில் 1544லிருந்து அந்தச் சிங்கம் இருக்கிறது. அடுத்து ஊர் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை (1821 வரை தலையில் கிரீடத்தோடு இருக்கும், அதற்குப் பிறகு கிரீடம் போய்விட்டது), பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், எடின்பரோவுக்குக் கோட்டை, டப்ளினுக்குக் கிரீடம் வைத்த யாழ். பர்மிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் வெள்ளியைச் சோதித்து முத்திரை அடிக்கிற அலுவலகம் கிடைத்ததே 1773ல்தான், ஆகவே நங்கூரம் போட்ட 1760ஆம் வருடத்துப் பாத்திரம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பிறகு வருட எழுத்து. 1974 வரை லண்டனில் இது மே மாதத்தில் மாறியது, அதனால் பழைய பாத்திரத்தில் ஒரு எழுத்து இரண்டு வருடத்தைத் தொட்டு நிற்கும். அன்றைக்கு ஒரு சுற்றுக்கு 20 எழுத்து, சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவமும் மாறும், ஆகவே எழுத்தை மட்டும் பார்க்காமல் கேடயத்தையும் சேர்த்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கடைசியாகச் செய்தவரின் பெயர் எழுத்துகள்.

இதோடு மன்னர் தலை ஒன்று பக்கவாட்டில் இருந்தால் அது வரி கட்டியதற்கான அடையாளம், 1784 டிசம்பரிலிருந்து 1890 வரைதான் அடித்தார்கள். உங்கள் கடைக்காரர் 1770 என்கிறார், அதில் மன்னர் தலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1770 இல்லை. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம், தெரிந்தும் இருக்கலாம், உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நிறையப் பேர் உடலின் அடியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். டியூரீன் ஒரே பாத்திரம் இல்லை. உடல், மூடி, உள்ளே எடுத்துவைக்கிற உட்பாத்திரம் இருந்தால் அது, கீழே தட்டு இருந்தால் அது, மூடியின் குமிழ் திருகிக் கழற்றுகிற வகை என்றால் அந்தக் குமிழ், ஒவ்வொன்றிலும் முத்திரை இருக்க வேண்டும். உடலில் முழு வரிசையும் இருக்கும், மூடியில் சிங்கமும் செய்தவர் எழுத்தும் வருட எழுத்தும் மட்டும் இருக்கலாம், அது சகஜம். மூடியில் ஒன்றுமே இல்லை என்றாலோ, மூடியில் வேறு வருடம், வேறு ஆள் என்றாலோ, அது வேறு பாத்திரத்தின் மூடி, இல்லை பிற்பாடு செய்து சேர்த்த மூடி. ஜோடியாகச் செய்த டியூரீன்களில் மூடியிலும் உடலிலும் 1, 2 என்று எண் கீறியிருப்பார்கள். 1ஆம் எண் உடலில் 2ஆம் எண் மூடி உட்கார்ந்திருந்தால் எங்கோ இரண்டு வீட்டுப் பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது மாற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் பாத்திரத்துக்குக் குறை இல்லை, விலையில் பேரம் பேச ஒரு பிடி.

எடைக் கீறல் என்று ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். அடியில் ஊசியால் கீறிய மாதிரி "112=10" என்று ஏதாவது இருக்கும், செய்த காலத்தில் எழுதிய எடை. 112 அவுன்ஸ், 10 பென்னிவெயிட். இருபது பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ், ஆக 112.5 அவுன்ஸ், நம் கணக்கில் ஏறக்குறைய 3,500 கிராம். இப்போது தராசில் வையுங்கள். 3,430 காட்டினால் இருநூறு வருடத் தேய்ப்பில் போனது, நல்ல அடையாளம். 3,000 காட்டினால் ஏதோ ஒரு பாகம் காணாமல் போயிருக்கிறது. 3,700 காட்டினால்? அப்போதுதான் உஷாராக வேண்டும். பின்னாளில் யாரோ கால் வைத்திருக்கிறார்கள், இல்லை கைப்பிடி மாற்றியிருக்கிறார்கள், வெள்ளி தானாகக் கனக்காது.

முத்திரையைச் சுற்றியுள்ள இடத்தில் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படியும்போது ஒட்டுவேலை இருந்தால் கோடாகத் தெரியும். ஒரு சின்ன பழைய கரண்டியிலிருந்து முத்திரையை வெட்டி எடுத்துப் பெரிய பாத்திரத்தின் அடியில் பதித்து விற்கிற வேலை அந்தக் காலத்திலேயே நடந்திருக்கிறது, 1720ல் வெள்ளிக்கு அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி போட்டபோது வரியை ஏய்க்கவே பட்டறைக்காரர்கள் அப்படிச் செய்தார்கள். முத்திரைகள் மழுங்கலாக, உள்ளே மணல் மணலாக இருந்தால் அது அச்சு எடுத்து வார்த்த போலி. நிஜ முத்திரை உளியால் அடித்தது, ஓரம் கூர்மையாக இருக்கும், தேய்ந்தாலும் அடித்த தோற்றம் போகாது.

என் நாத்தனார் லண்டனிலிருந்து ஒரு டியூரீன் கொண்டுவந்து கொடுத்தார். அடியில் நான்கு கட்டத்துக்குள் ஈ, பி, என், எஸ் என்று ஆங்கில எழுத்துகள். இதில் எத்தனை சதவீதம் வெள்ளி?
வாசகி, திருப்பூர்

மேலே பூசிய முலாம் மட்டும்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம். நம் ஊரில் கல்யாணத் தாம்பூலப் பையோடு ஜெர்மன் சில்வர் குங்குமச்சிமிழ் கொடுக்கிறார்களே, ஆதியில் ஜெர்மன் சில்வர் என்று பெயர் வாங்கியதும் இந்தக் கலவைதான். பெயரில் மட்டும் சில்வர். அந்த நான்கு எழுத்தையும் பழைய கோதிக் வடிவத்தில், தனித்தனிக் கேடயத்துக்குள் அடித்தது வெள்ளி முத்திரை மாதிரி தெரியட்டும் என்றுதான், சட்டத்துக்கு உட்பட்ட சாமர்த்தியம். பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் 1840ல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு வந்த வகை இது, ஆகவே உங்களுடையது அதற்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. "இங்கிலாந்து" என்று நாட்டின் பெயரும் அடித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு, அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டதால் வந்த வழக்கம்.

நாத்தனாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்! முலாம் பாத்திரம் மேசையில் வைக்க அருமையான பொருள். ஒட்டுப்போட்ட "அசல்" வெள்ளியை விட முலாம் போகாத நல்ல ஈ.பி.என்.எஸ். எவ்வளவோ மேல். முனைகளிலும் குமிழிலும் மஞ்சள் சாயல் எட்டிப் பார்க்கிறதா என்று மட்டும் கவனியுங்கள், அங்கேதான் முதலில் முலாம் விடும். திரும்ப முலாம் பூசிக்கொள்ளலாம், தவறில்லை.

ஒரு வகைக்கு மட்டும் திரும்ப முலாம் பூசவே கூடாது. எல்கிங்டனுக்கு நூறு வருடம் முந்தி, 1740களில் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைத்து உருளையில் இழுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஓல்டு ஷெஃபீல்டு பிளேட் என்கிறார்கள். மேத்யூ போல்ட்டன் பட்டறையில் இதில் பிரமாதமான பாத்திரங்கள் செய்தார்கள். தேய்ந்த இடத்தில் செம்பு ரோஜா நிறத்தில் தெரியும், விளிம்பில் செம்பு தெரியாமலிருக்க வெள்ளியை மடித்துவிட்டிருப்பார்கள், தையல் கோடு ஒன்றும் எங்காவது இருக்கும். அந்த ரோஜா நிறத்துக்குத்தான் மதிப்பே. அதன் மேல் மின்முலாம் பூசினால் மதிப்பு அப்படியே போய்விடும்.

பாரிஸில் ஏலத்துக்குப் போகப்போகிறேன். பிரெஞ்சு டியூரீனுக்கு எதைப் பார்க்க வேண்டும்? பழையது அதிகம் கண்ணில் படுவதில்லையே?
வாசகர், லா ஷப்பேல், பாரிஸ்

ஆங்கில முத்திரை அறிவை ஓரமாக வைத்துவிட்டுப் போங்கள். 1838க்குப் பிறகு செய்ததில் மினெர்வா தேவியின் தலை இருக்கும், பக்கத்தில் 1 என்று இருந்தால் ஆயிரத்துக்கு 950, அதாவது ஆங்கில ஸ்டெர்லிங்கை விடத் தூய்மை, 2 என்றால் 800. செய்தவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருந்தால் வெள்ளி, நேரான சதுரத்துக்குள் இருந்தால் முலாம். ஏல அறையில் அவசரத்தில் பார்க்க இந்த ஒன்றே போதும். உருண்டையாக இருப்பதைப் போ-தா-ஒய் என்றும் நீள்வட்டமாக இருப்பதைத் தெரீன் என்றும் பட்டியலில் போட்டிருப்பார்கள், இரண்டுமே உங்களுக்கு ஆகும். பிறை நிலவும் கிரீடமும் 800 என்ற எண்ணும் இருந்தால் அது ஜெர்மனி, 1888க்குப் பிறகு.

பழையது ஏன் இல்லை என்றால், உருக்கிவிட்டார்கள். பதினான்காம் லூயி 1689ல் போர்ச் செலவுக்காக வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசை நாற்காலிகளையே நாணயச் சாலைக்கு அனுப்பினார். 1709ல் மறுபடி, அடுத்த லூயி 1759ல் இன்னொரு முறை, மிச்சத்தைப் புரட்சி பார்த்துக்கொண்டது. தப்பியதில் பெரும்பங்கு வெளிநாட்டவர் ஆர்டர் கொடுத்து வாங்கிக்கொண்டு போனவை. ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரின் 1770ல் பாரிஸின் ரோத்தியே பட்டறையில் சொல்லிச் செய்த 3,000 உருப்படிக்கு மேற்பட்ட பரிமாறும் பாத்திரத் தொகுதி, காதலர் ஓர்லோவுக்குப் பரிசாகப் போனது, அதில் சிதறியவைதான் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பாரிஸின் வெள்ளிக் கலைஞர் தோமா ஜெர்மேன் 1733ல் செய்த ஒரு டியூரீன் 1996ல் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் போனது. ஆகவே 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு டியூரீன் மலிவாகக் கிடைக்கிறது என்றால் மலிவாக இருப்பதற்கான காரணத்தைத் தேடுங்கள்.

வெள்ளி டியூரீனில் ரசம் ஊற்றி வைக்கலாமா? வீட்டில் பெரிய சண்டை.
வாசகி, டொராண்டோ

ஊற்றலாம், வைக்கக் கூடாது. பரிமாறி முடிந்ததும் காலி செய்து உடனே கழுவிவிட வேண்டும்.

புளியும் தக்காளியும் வெள்ளியை ஒன்றும் செய்துவிடாது, உப்புதான் எதிரி. உப்புள்ள நீர் மணிக்கணக்கில் நின்றால் வெள்ளியில் புள்ளி புள்ளியாக அரிக்கும், அந்தப் புள்ளி எந்தத் தேய்ப்பிலும் போகாது. பெருங்காயம், பூண்டு, வெங்காயம், முட்டை எல்லாவற்றிலும் கந்தகச் சத்து உண்டு, வெள்ளி கறுப்பதே கந்தகத்தால்தான், ஆகவே ரசம் ஊற்றிய அன்றைக்கே உள்ளே கறுப்பு படர்ந்தால் பதறாதீர்கள். பழைய டியூரீன்களில் சிலவற்றில் உள்ளே தங்க முலாம் பூசியிருப்பது இந்தத் தொல்லைக்காகத்தான்.

கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு. ஓல்டு ஷெஃபீல்டு பிளேட்டில் உள்பக்கம் செம்பு தெரிந்தால் புளி ஊற்றவே வேண்டாம், களிம்பு ஏறும். இன்னொன்று, விரிசலை யாரோ சாம்பல் நிறப் பற்றாசால் அடைத்திருந்தால் அது ஈயப் பற்றவைப்பாக இருக்கும். நம் பாட்டி ஈயச்சொம்பில் ரசம் வைத்தாரே என்று சொல்லாதீர்கள், அது வெள்ளீயம், இது காரீயம், உடம்புக்கு விஷம். உள்ளே அப்படி ஒரு பொட்டு தெரிந்தால் அந்தப் பாத்திரம் பூ வைக்க மட்டும்தான். இல்லையென்றால் அளவாக ஒரு எவர்சில்வர் அல்லது கண்ணாடி உட்பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், சண்டையும் தீரும். அடுப்பிலோ மெழுகுவர்த்திச் சூட்டிலோ டியூரீனை வைக்காதீர்கள். சூப் ஊற்றுவதற்கு முன் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு ஊற்றினால் சீக்கிரம் ஆறாது. உலோகங்களிலேயே சூட்டை அதிகம் கடத்துவது வெள்ளிதான், ஆகவே குமிழைத் துணி வைத்துப் பிடியுங்கள்.

ஊட்டியில் ஒரு பழைய பங்களா சாமான் விற்பனையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் என்று அடித்த டியூரீன் வந்திருக்கிறது. வாங்கி அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?
வாசகர், கோவை

வாங்கலாம், அனுப்புவது கஷ்டம். பி. ஆர் அண்ட் சன்ஸ் சென்னை மவுண்ட் ரோடில் பேர்பெற்ற கடிகார, வெள்ளி வியாபாரிகள். சாமி உருவங்களைப் புடைப்பாக அடித்த அவர்களுடைய "சுவாமி வெள்ளி" சீமையிலும் பெயர் வாங்கியது. உங்கள் டியூரீனில் சாமி உருவம் இருந்தால் அந்த ரகம், வெறும் ஆங்கில மாதிரி என்றாலும் மட்டமில்லை. ஆனால் அன்றைய இந்தியாவில் இங்கிலாந்து மாதிரி வெள்ளியைச் சோதித்து முத்திரை அடிக்கிற அலுவலகம் கிடையாது, கடையின் பெயர்தான் உத்தரவாதம். ஆகவே ஹால்மார்க் மையத்திலோ காரட் மீட்டர் வைத்திருக்கும் நகைக்கடையிலோ சோதித்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவி மேற்பரப்பை மட்டும் படிக்கும், முலாம் பாத்திரத்தையும் வெள்ளி என்று சொல்லிவிடும், அதனால் தேய்ந்த விளிம்பு, அடிப்பகுதி என்று பல இடங்களில் வைக்கச் சொல்லுங்கள்.

1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கலைப்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறு ஆகவில்லை என்றால் தொல்லியல் துறையிடம் "இது தொல்பொருள் அல்ல" என்று சான்று வாங்கிக்கொண்டு அனுப்பலாம். மகனை லீவுக்கு வரச்சொல்லி இங்கேயே சூப் வைத்துக் கொடுங்கள்.

விலை நியாயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகர், சிங்கப்பூர்

முத்திரை உள்ள பாகங்களை மட்டும் கிராமில் நிறுத்து, 0.925ஆல் பெருக்கி, அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள், அது தரைவிலை. முலாம் போட்ட உட்பாத்திரத்தையும் சேர்த்து எடை போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சேர்ப்பார்கள். அதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் கடைக்காரர் காரணம் சொல்ல வேண்டும்: பால் ஸ்டோர் போன்ற பேர்பெற்ற வெள்ளிக் கலைஞர் செய்தது, ஜோடியாக இருப்பது, தட்டோடு முழுசாக இருப்பது, ஒட்டு இல்லாதது. "ரொம்பப் பழசு" என்பது காரணம் ஆகாது. லண்டன் பக்கம் போனால் சான்சரி லேனில் நிலத்துக்கு அடியில் இருக்கும் சில்வர் வால்ட்ஸ் கடைகளைச் சுற்றிப் பாருங்கள், வாங்காவிட்டாலும் கண் பழகும்.

விபூதி போட்டுத் துலக்கலாமா?
வாசகி, மதுரை

குத்துவிளக்குக்குச் சரி, வேலைப்பாடுள்ள டியூரீனுக்கு வேண்டாம். இடுக்கில் போய் வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பொடியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளியைத் தின்னும், பற்பசை இன்னும் மோசம். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்கவைக்கிற வித்தை, வேலைப்பாட்டுப் பள்ளங்களில் இருக்க வேண்டிய கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும், அப்புறம் பாத்திரம் முகமே இல்லாமல் நிற்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரோ மிதமான சோப்போ போட்டுக் கழுவி உடனே துடைத்தால் போதும், வெள்ளி பாலிஷ் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள், ரப்பரிலும் கந்தகம் உண்டு, பட்டை பட்டையாகக் கறுக்கும்.

வாங்கிய டியூரீனில் யாரோ ஒரு ஆங்கிலக் குடும்பத்தின் சின்னம் செதுக்கியிருக்கிறது. அழித்துவிட்டு எங்கள் பெயரைப் போடலாமா? மகள் கல்யாணத்துக்குக் கொடுக்கப் போகிறோம்.
வாசகர், மெல்பர்ன்

அழிக்காதீர்கள். செதுக்கியதை எடுக்க வேண்டும் என்றால் அந்த இடத்து வெள்ளியையே சுரண்ட வேண்டும், சுவர் மெலிந்து விரல் வைத்து அழுத்தினால் தகடு உள்வாங்கும் அளவுக்குப் போய்விடும். ஏற்கனவே ஒருவர் அழித்திருக்கிறாரா என்பதையும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரிஜினல் சின்னம் இருப்பது விலையைக் கூட்டும், அது எந்தக் குடும்பத்துடையது என்று தேடிக் கண்டுபிடித்தால் இன்னும் கூட்டும். மகள் பெயரும் கல்யாணத் தேதியும் வேண்டும் என்றால் ஒரு புது வெள்ளிச் சூப் கரண்டி வாங்கி அதன் காம்பில் செதுக்கிக் கொடுங்கள். பழைய டியூரீன்கள் அனேகமாகக் கரண்டி இல்லாமல்தான் விற்பனைக்கு வருகின்றன, எப்படியும் ஒன்று வாங்கத்தான் போகிறீர்கள்.